எண்ணெய் ஊரைப் பெற்றெடுத்தவர்

டெல்லி லக்ஷ்மிபாய் நகர் பூங்காவில் வெயில் காய வருவார், ஓய்வுபெற்ற எண்ணெய்க் கம்பெனி அதிகாரி. குரங்குக் குல்லாய், கைத்தடி. அசாமில் எண்ணெய் பொங்கி வற்றிய ஒரு சிற்றூரைத் தாமே பெற்றெடுத்ததுபோல் பேசுவார். அகப்பட்டவர்களுக்கெல்லாம் தடியால் மண்ணில் அந்த ஊரை வரைந்து காட்டுவார். ஒருநாள் நான் அகப்பட்டேன்.

“இது கிளப், இது நீச்சல் குளம். நாங்க போறச்சே அங்க ஒண்ணுமே கிடையாது, சார்.”

“யாருமே இல்லையா?”

“நெல்லு போட்டுண்டு ஏதோ ஜனங்க இருந்தா. எல்லாரையும் ஜல்தியா காலி பண்ண வெச்சுட்டோம்.”

“எண்ணெய் தீர்ந்தப்புறம் ஊர் என்ன ஆச்சு?”

“நாங்கதான் டெல்லிக்கு வந்துட்டோமே! அப்புறம் ஏது ஊர்?” என்றார், உண்மையான வியப்போடு.

பூங்காப் புறாக்களுக்குச் சோளம் போடாமல் ஒருநாளும் வீடு திரும்பாதவர். அவருக்கு எப்படி அத்தனை மனிதர்கள் கண்ணில் படாமல் போனார்கள் என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை.