கேமரா இணைக்காத வெள்ளிக்கிழமை

இது கட்டிச் சொன்ன கதை இல்லை. கோவில்பட்டியில், கல்யாணசுந்தரி என்பவளின் வீட்டில் நடந்தது. அதுவும் நடுச்சாமத்தில் இல்லை. பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கிற உச்சி வேளையில். பேய் இருட்டில்தான் வரும் என்று நம்பி நிம்மதியாக இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மேலே படித்துவிட்டு மதியத் தூக்கம் போச்சே என்று என்னைத் திட்டக்கூடாது.

2008ஆம் வருடம். ஆடிக் காற்று கரிசல் புழுதியை வாரி ஊருக்குள் இறைத்துக்கொண்டிருந்த சமயம். கல்யாணசுந்தரியின் புருஷன் சுந்தரபாண்டியனுக்கு மெயின் ரோட்டில் பலசரக்குக் கடை. மூத்தவன் மணிகண்டபிரபு மஸ்கட்டில் வேலை பார்த்தான். இளையவள் சத்யபிரியா பிளஸ் டூ படிக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் படுத்திருந்த கட்டில் மட்டும் அந்த அறையில் அப்படியே கிடந்தது. யாரையும் அதில் உட்காரக்கூட அவள் அம்மா விடவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். புதுப் பாவாடை, வளையல், பவுடர், அவளுக்குப் பிடித்த பண்டம் எல்லாவற்றையும் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். அவள் வந்து எடுத்துக்கொள்வாள் என்று நம்பிக்கை. வீட்டுக்குப் புதுச் சாமான் எது வந்தாலும் முதலில் அவள் முன்னால் வைத்துக் காட்டுவார்கள். கல்யாணசுந்தரி இதற்கு மட்டும் பிடி கொடுக்கவே இல்லை.

"எம் மவ சாமி இல்ல மதினி. மவதான்."

"ஏட்டி, சாமியா உக்கார வச்சிட்டா அவ பாட்டுக்கு அடங்கிருவா. இல்லன்னா ஆள் மாதிரி வீட்டுக்குள்ள நடமாடிக்கிட்டுக் கெடப்பா" என்பாள் புருஷனின் அக்கா வெள்ளைத்தாய்.

"நடமாடட்டும். அவ வீடுதான."

கும்பிட்டுவிட்டால் மகள் இல்லை என்று தன் வாயாலேயே ஒத்துக்கொண்டதாகிவிடும். பெற்றவளால் அது முடியவில்லை. எங்கேயாவது ஒரு மூலையில் அவள் இருக்கிறாள் என்பதுதான் கல்யாணசுந்தரியைச் சோறு தின்ன வைத்துக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் கம்ப்யூட்டர் வந்தது. மஸ்கட்டில் இருக்கிற மகன் முகத்தையாவது வாராவாரம் பார்க்கலாம் என்று வாங்கியது. கம்ப்யூட்டர் கடைப் பையன் இசக்கிராஜா ஒரே கையில் தூக்கிக்கொண்டு வந்தான். சுந்தரபாண்டியனுக்குப் பெரிய ஏமாற்றம். அவர் பீரோ மாதிரி ஒன்றை எதிர்பார்த்திருந்தார். இதுவோ கடையில் இருக்கும் பிஸ்கட் டின் அளவுகூட இல்லை.

"என்ன தம்பி, சாம்பிளக் கொண்டாந்துட்டியா?"

"அண்ணாச்சி, இப்ப வாரதெல்லாம் இம்புட்டுதான். எடத்த அடைக்காதுல்லா."

வைக்க வேறு இடம் இல்லாததால் சத்யாவின் அறைக்கே போனது. அவள் படித்த மேசை சுவரைப் பார்த்து இருந்தது. அதற்கு நேர் பின்னால் அந்தக் கட்டில். கன்னிக்குக் காட்டாமல் இயக்கக்கூடாது என்று வெள்ளைத்தாய் வாசலிலேயே மறித்தாள்.

"மேசையே அவளுதுதான மதினி. அவ பாத்துக்கிடுவா" என்று சொல்லிவிட்டு கல்யாணசுந்தரி உறையைப் பிரித்தாள்.

இசக்கிராஜா வயர்களை மாட்டினான். நெட் வந்தது. ஸ்பீக்கர் பேசியது. கேமராவுக்கு மட்டும் வந்த சிடி கீறல் விழுந்து ஓடமாட்டேன் என்றது.

"சனிக்கிழமை வேற சிடி கொண்டாரேன் அக்கா. அதுவரைக்கும் பேச்சு கேக்கும், உங்க மொகம் அங்க தெரியாது. அண்ணன் கூப்புட்டா இந்தப் பச்சைய அமுக்குங்க. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மஸ்கட்டில் லீவு நாள். சுந்தரபாண்டியன் கடையில் இருந்தார். வீட்டில் கல்யாணசுந்தரி மட்டும்தான். மதியம் பன்னிரண்டு தாண்டியதும் அறைக்குள்ளிருந்து மணி அடித்தது. ஓடிப்போய் உட்கார்ந்து பச்சையை அமுக்கினாள்.

"யம்மா! கேக்குதா?"

"கேக்குதுய்யா... பக்கத்துல இருந்து பேசுத மாதிரி இருக்கு. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். ஏம்மா முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? இங்கன திரும்புங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தெரியாது என்றானே அந்தப் பையன், தெரியத்தான் செய்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் பெட்டியப் பாத்துதாம்ல உக்காந்திருக்கேன்."

"இல்லம்மா, முதுகுதான் தெரியுது. கொண்ட அவுந்து கெடக்கு. ரவிக்கையில ஊக்கு குத்தியிருக்கீங்க."

கை தானாகப் பின்னால் போனது. ஊக்கு அங்கேதான் இருந்தது. காலையில் கொக்கி அறுந்ததால் குத்தியது. அதை யாரும் பார்த்திருக்கவில்லை.

"எங்கன இருந்துல தெரியுது?"

"கட்டில் பக்கம் இருந்து. தாழ இருந்து தெரியுதும்மா. படுத்துக்கிட்டுப் பாத்தா எப்பிடித் தெரியும், அப்பிடி..."

அவள் மேசையைப் பார்த்தாள். கேமரா அங்கேதான் கிடந்தது. வயரைச் சுற்றிக் கட்டிய கட்டைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை. எதிலும் மாட்டவும் இல்லை. அதன் கண் சுவரைப் பார்த்தபடி இருந்தது.

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே காற்று ஜன்னலைத் தட்டியது. வேறு சத்தம் இல்லை.

கிரீச்...

கட்டில் சத்தம். காய்ச்சலில் புரண்டு படுக்கும்போதெல்லாம் கேட்ட அதே சத்தம்.

"யம்மா, படம் அசையுது. யாரு கேமராவத் தூக்குதாங்க? அப்பாவா?"

"யாருமில்லயே..."

"எந்திரிச்ச மாதிரி இருக்கு. கிட்ட வருதும்மா."

அவள் அசையவில்லை.

"உங்க பின்னாலதான்... யம்மா, திரும்பிப் பாருங்க!"

திரும்பவில்லை. பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று அவளைத் தடுத்தது. திரும்பினால் இல்லாமல் போய்விடுவாளோ...

பிடரியில் சூடாகப் பட்டது.

மூச்சு.

காய்ச்சல்காரியின் மூச்சு.

"சத்யா...?"

டப்.

காற்றாடி நின்றது. திரை கறுத்தது. மகன் குரலும் போய்விட்டது. அப்போதெல்லாம் மதியத்தில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். யுபிஎஸ் வாங்குவதை சுந்தரபாண்டியன் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட்டிருந்தார். அதனால் எல்லாமே ஒரே நொடியில் செத்தது.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. கட்டில் காலியாகக் கிடந்தது. கல்யாணசுந்தரி அப்படியே தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. கரண்ட் வந்து காற்றாடி சுற்றும்வரை அழுதுகொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. மணிகண்டபிரபுவோடு தங்கியிருந்த பையன் பேசினான். பிரபுவுக்குக் கடுமையான காய்ச்சல், கண்ணைத் திறக்கவில்லை, ஏதேதோ உளறுகிறான் என்றான். நாலைந்து நாளாகியும் இறங்கவில்லை. கல்யாணசுந்தரி நடந்ததைச் சொன்னதும் வெள்ளைத்தாய்க்கு வியர்த்துவிட்டது.

"அவளுக்கு ஒண்ணுமே செய்யலன்னு கோவம். அதான் அண்ணனத் தொட்டுட்டா. இருக்க ஒண்ணையும் பறிகொடுக்கப் போறியாட்டி?"

சுந்தரபாண்டியன் மனைவியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்கு மேல் அவளால் மறுக்க முடியவில்லை. இருப்பது ஒரு பிள்ளை.

அடுத்த வெள்ளிக்கிழமை கன்னிக்குப் படையல் போட்டார்கள். பச்சைப் பாவாடை, கண்ணாடி வளையல், கடம்பூரிலிருந்து வாங்கி வந்த போளி. சத்யா நாலு போளியை ஒரே மூச்சில் தின்பாள். எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டு கல்யாணசுந்தரியே கதவைச் சாத்தினாள். கதவில் வாயை வைத்துச் சொன்னாள்.

"தாயி, அண்ணன விட்டுரு. நீ போ... போயிரு தாயி."

சொல்லி முடித்ததும் அங்கேயே மயங்கிச் சரிந்தாள். அன்று சாயங்காலமே மணிகண்டபிரபுவுக்குக் காய்ச்சல் விட்டது. மருந்தில் விட்டது என்றார் டாக்டர். நம்புகிறவர்கள் அதையும் நம்பலாம்.

இந்தக் கலவரத்தில் தள்ளிப்போன புது சிடியை இசக்கிராஜா பிறகுதான் கொண்டுவந்து கேமராவை மாட்டினான். மகனும் அங்கே ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டான். மகன் முகம் இங்கே தெரிந்தது, அம்மா முகம் அங்கே தெரிந்தது. வாராவாரம் சிரித்துப் பேசினார்கள். பேச்சு முடிகிற நேரத்தில் மட்டும் கல்யாணசுந்தரி ஒரு காரியம் செய்வாள். கேமரா வயரைப் பிடுங்கிவிட்டு அசையாமல் உட்காருவாள்.

"இப்பத் தெரியுதால?"

"இல்லம்மா. கருப்பாத்தான் இருக்கு."

"நல்லாப் பாரு..."

"கருப்பாத்தாம்மா இருக்கு."

கட்டில் சத்தமும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அடுத்த சித்திரையில் மணிகண்டபிரபு லீவில் வந்தான். வந்த மறுநாள், சாப்பிட்டு முடித்து அந்த அறையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தபோது, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

"அன்னைக்குக் கரண்ட் போச்சுல்லா... படம் போகலம்மா."

அவள் அவனையே பார்த்தாள்.

"உங்க சத்தம்தான் நின்னுச்சு. படம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. நீங்க இங்கனதான், தரையில கால நீட்டி உக்காந்தீங்க. படம் அப்பிடியே கீழ எறங்கி... உங்க மடியில சாஞ்சுட்டு. அப்புறம் உங்க மொகம் மட்டுந்தான். கீழ இருந்து தெரிஞ்சுச்சு. நீங்க அழுதுக்கிட்டே இருந்தீங்க."

"அப்புறம்?"

"உங்க கண்ணீர் ஒரு சொட்டு விழுந்துச்சு. படமே கலங்கிப்போச்சு. யாரோ கையால தொடச்ச மாதிரி மறுபடியும் தெளிஞ்சுச்சு. அப்பவும் உங்க மொகந்தான்... காத்தாடி சுத்துனதும் போயிட்டு."

கரண்ட் இல்லாத வீடு. ஓடாத கம்ப்யூட்டர். மாட்டாத கேமரா. அத்தனை நேரமும் அவன் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

கல்யாணசுந்தரி தன் மடியைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"என்னயத்தான் பாத்துக்கிட்டு இருந்தாளா?"

"உங்களத்தாம்மா. வேற எங்கயும் பாக்கல."

"இத ஏம்ல அப்பவே சொல்லல?"

"பயந்துட்டேம்மா."

"ஒன்னயத் தொட அவ வரலயேல... எம் மடிக்குத்தான வந்திருக்கா. நாந்தாம்லா கதவச் சாத்தி 'போ'ன்னு சொல்லிட்டேன்."