உள்ளே வழுக்கிய தோட்டா

கரும்பு வெட்டும்போது நாலு பக்கமும் வெட்டிக்கொண்டே போய், கடைசியில் கொல்லை நடுவே ஒரு சின்னத் திட்டு மட்டும் நிற்கும். அதுவரை உள்ளே பதுங்கியிருந்த முயல், பாம்பு, நரி எல்லாம் அந்தத் திட்டில்தான் வந்து அடையும். எங்கள் வீட்டில் துப்பாக்கியை வெளியே எடுப்பது பெரும்பாலும் அந்த ஒரு நாளுக்காகத்தான்.

கிருமாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டுக்கு நான் கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை. அப்போது எங்கள் பக்கம் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. என் கணவரும் அவருடைய அண்ணனும் ஏரிப் பாய்ச்சலில் நெல்லும் கரும்பும் வைத்தார்கள். நிலம் பிரிக்கவில்லை. மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டதால் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், வைத்ததுதான் சட்டம். நான் அவர் எதிரில் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் கூடத்துக்கு வரும் செருமல் கேட்டால் அடுப்பங்கரைக்குள் போய்விடுவேன். அதுதான் வழக்கம்.

துப்பாக்கி மாமனார் வாங்கியது. இரட்டைக் குழல். நடுவில் மடக்கித் திறந்து, பின்பக்கத் துளைகளில் துளைக்கொன்றாகத் தோட்டாவைப் போட்டு மூட வேண்டும். சர்க்கார் அனுமதி மூத்தார் பெயரில். ஆனால் குறி என் கணவருக்குத்தான் வாய்த்திருந்தது. அதனால் தம்பி சுடுவார், அண்ணன் தோட்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பார். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

அந்த வருஷம் எங்கள் உறவில் ஒரு சொல்தா இறந்துபோனார். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சைகோன் வரை போய் வந்து பென்ஷன் வாங்கியவர். துக்கம் கேட்கப் போன மூத்தாரிடம் அவருடைய மனைவி ஒரு துணிப்பை நிறையத் தோட்டா கொடுத்தனுப்பினார். துப்பாக்கியை வேறு யாரோ வாங்கிப் போய்விட்டார்களாம். மூத்தார் அந்தத் தோட்டாக்களை எங்கள் பழைய பையிலேயே கொட்டிக்கொண்டார்.

கரும்பு வெட்டு முடியப்போகிற அன்று காலையில் என் கணவர் பையில் கைவிட்டு ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் கூழ்ப் பானையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, இது இன்னா, கொஞ்சம் ஒல்லியா இருக்குதே?"

"தோட்டான்னா தோட்டாதான்டா. உள்ள பூந்தா போதாதா? பெருசா இருந்தாதான் கஷ்டம்."

அது சரியாகத்தான் பட்டது. எனக்கும் அப்படித்தான் பட்டது. பெரிய சாவி சின்னப் பூட்டில் நுழையாது. சின்னது நுழைந்தால் என்ன கெட்டுப்போகும்?

நான் கூழ் கொண்டுபோனபோது கொல்லையில் திட்டு மட்டும்தான் நின்றது. வெட்டுக்காரர்கள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வட்டமாக நின்று கூச்சல் போட்டார்கள். ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிப் போன நரி உள்ளே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வரப்பின் மேல் என் கணவர், அவருக்கு வலப்பக்கம் மூத்தார். கரும்புச் சோகை அசைந்தது. நரி வெளியே வந்து ஒரு கணம் நின்று, எந்தப் பக்கம் ஆள் குறைவு என்று பார்த்தது. என் கணவர் விசையை இழுத்தார். 'டிக்' என்று மட்டும் கேட்டது. நரி மறுபடி திட்டுக்குள் போய்விட்டது.

அவர் துப்பாக்கியை மடக்கித் திறந்தார். தோட்டா போட்டிருந்த வலத் துளை காலியாக இருந்தது.

"எங்க போச்சு? போட்டனே."

"கீழ வுழுந்திருக்கும். இந்தா புடி, சீக்கிரம் போடுடா, ஓடிடப் போவுது!"

அவர் குனிந்து காலடியில் ஒரு முறை பார்த்தார். மூத்தார் அவர் கையில் அடுத்த தோட்டாவை வைத்து அழுத்தினார். அது பருமனான, எங்கள் பழைய தோட்டா. போட்டு மூடினார். நரி மறுபடி வந்தது.

துப்பாக்கிச் சத்தம் எனக்குப் பழகியிருந்தது. இது அந்தச் சத்தம் இல்லை. ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. புகை விலகியபோது அவர் நின்றுகொண்டேதான் இருந்தார். வலக் குழல் முன்பாதியில் பிளந்து, தகடு தகடாக வெளியே மடிந்திருந்தது. அந்த இடத்தில்தான் இடக்கையால் தாங்கிப் பிடித்திருந்தார். அந்தக் கையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். உள்ளங்கை இல்லை. கட்டை விரல் மட்டும் தோலில் தொங்கியது. இடக் கண்ணிலிருந்து இரத்தம் வழிந்து மீசையில் இறங்கியதை அவர் உணரவே இல்லை. "அண்ணே" என்று கூப்பிட்டார். பிறகுதான் விழுந்தார்.

மூத்தார் தலைத்துண்டை அவிழ்த்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார். முடிச்சு விழவில்லை. வெட்டுக்காரர் ஒருவர்தான் கட்டி முடித்தார். கரும்பு ஏற்ற நின்ற வண்டியில் வைக்கோலைப் பரப்பி என் கணவரைக் கிடத்தினோம். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கிடும். சுங்கக்காரன் வண்டியை நிறுத்தினான். பிராந்தி புட்டியோ பட்டோ ஒளித்திருக்கிறோமா என்று வைக்கோலைக் கழியால் குத்தினான். மூத்தார் அவன் காலில் விழுந்தார். ஊரில் யாருக்கும் தலை வணங்காத மனிதர் அவர். சுங்கக்காரன் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, வழியை விட்டுத் தள்ளிப் போனான்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் மணிக்கட்டுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார். கண்ணும் போயிற்று. காய்ச்சல் இறங்கி அவருக்குப் பேச்சு வந்த அன்று என்னை அருகில் கூப்பிட்டார்.

"மொதல்ல போட்டது கீழ வுழல. ஒல்லியா இருந்துதில்ல, வழுக்கிக் குழாய்க்குள்ளயே போயி நின்னுடுச்சு. அது தெரியாம பின்னாலயே இன்னொண்ணப் போட்டுட்டேன். ரெண்டும் சேந்து வெடிச்சிருக்கு. படுத்துக்கினே யோசிச்சுப் பாத்தேன், வேற ஒண்ணும் இல்ல."

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும். நீ வாயத் தொறக்காத."

நான் வீட்டில் துணிமணி எடுக்க வந்தபோது பாகூரிலிருந்து போலீஸ்காரர் வந்து விசாரித்துக்கொண்டிருந்தார். மூத்தார் சொன்னதை உள்ளேயிருந்து கேட்டேன். "குழாய் முனையில மண்ணு அடைச்சிருந்துது. தம்பி பாக்காம சுட்டுட்டான்." போலீஸ்காரர் உடைந்த துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்து, இனி இது துப்பாக்கியே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மண் அடைத்த கதையை மாமியார் நம்பினாரோ இல்லையோ, அவருக்கு அது போதவில்லை. இத்தனை வருஷம் அடைக்காத மண் இந்த வருஷம் ஏன் அடைத்தது? பூசாரியிடம் போய்க் கேட்டார். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமலே மூத்தாரிடம் சொன்னார்: "இவ காலு வச்ச நேரம்டா. ஒரு கண்ணு ஒரு கையோட நின்னுச்சு. இன்னும் உசுரு மிச்சம் இருக்குது. வண்டியக் கட்டி இவள அவ அம்மா வூட்ல வுட்டுட்டு வந்துடு."

மூத்தார் தலையைக் குனிந்துகொண்டு, "சரிம்மா" என்றார்.

அந்த 'சரி'தான். கணவர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் அந்த 'சரி' காதில் விழுந்ததும் அடுப்பங்கரையில் நிற்க முடியவில்லை. நெல் அறைக்குப் போய்ச் சாக்கில் சுற்றியிருந்த துப்பாக்கியையும், ஆணியில் தொங்கிய பையையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மூத்தார் இருந்தார். நான் ஒதுங்கவில்லை.

"அத்தை, இங்க பாருங்க," என்றேன்.

இடக் குழல் முழுசாகத்தான் இருந்தது. பையில் துழாவி ஒல்லித் தோட்டா ஒன்றை எடுத்துப் பின்துளையில் விட்டேன். சளுக்கென்று உள்ளே இறங்கி எங்கோ தட்டி நின்றது. "இப்ப பாருங்க. காலியாத்தான தெரியுது?" பிறகு பருமனான ஒன்றை எடுத்து அதன் பின்னாலேயே வைத்தேன். விளிம்பு துளையின் வாயில் கச்சிதமாக உட்கார்ந்தது. "இதான் நடந்துது. மண்ணும் இல்ல, என் காலும் இல்ல. கேக்க வேண்டியவங்களக் கேளுங்க."

மாமியார் திரும்பிப் பெரிய மகனைப் பார்த்தார். அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தாம்மா குடுத்தேன். ஒல்லியா இருக்குதுன்னு அவன் சொன்னான். நாந்தான் போடச் சொன்னேன்."

பிறகு மாமியார் என்னிடம், "பெரியவன இப்படி நிக்க வச்சிட்டியேடி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வண்டி கட்டச் சொன்ன பேச்சு மறுபடி எழவில்லை. மன்னிப்பு என்று யாரும் எதையும் கேட்கவும் இல்லை. மூத்தார் தோட்டா அடைத்த அந்தத் துப்பாக்கியைச் சாக்கோடு தூக்கிக்கொண்டு போய் ஏரியில் எறிந்துவிட்டு வந்தார்.

கணவர் வீடு திரும்பி, நடந்ததைக் கேள்விப்பட்டபோது எனக்கு நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அப்படி ஒரு கோபத்தையும் எதிர்பார்க்கவில்லை. "நான் சொன்னனா இல்லியா? எனக்குக் கைதான் போச்சு. அவருக்கு மூஞ்சியே போச்சு." அடுத்த நடவு வரைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் அவருக்குச் சோறு பிசைந்து வைத்தேன், வேட்டி கட்டிவிட்டேன். அவர் பாட்டுக்கு வெளியே போனார். என்னை அனுப்பியிருந்தால் இதையெல்லாம் யார் செய்திருப்பார்கள் என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார்.

மூத்தார் இரண்டு பங்கு வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். தம்பியோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார். பொழுது சாய்ந்தால் சாராயக் கடைக்குப் போவார். சில வருஷத்தில் வயிறு வீங்கிப் படுத்தார். அது ஐப்பசி, விடாமல் அடைமழை. மழைக்காலம் வந்தால் என் கணவருக்கு இல்லாத விரல்கள் ஐந்தும் வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டுப்பட்ட முனையை அமுக்கிப் பிடித்துக்கொள்வார். அன்று காலையிலும் அப்படித்தான் இருந்தார்.

அண்ணன் கூப்பிடுகிறார் என்றதும் போய்ப் பாய் ஓரத்தில் உட்கார்ந்தார். மூத்தார் அந்த மொண்ணைக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவர் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"வலிக்குதாடா?"

"இல்லண்ணே. அதெல்லாம் எப்பவோ நின்னுடுச்சு."