கேள்வியில் இல்லாத இரண்டு கிலோ

பல்கலைக்கழகத்தில் எங்களுக்குக் கிரயக் கணக்கியல் படிப்பித்த சேர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய பாடத்தில் தப்பாக எழுதியதை வெள்ளை மை பூசி மறைக்கக் கூடாது. ஒரே கோட்டால் வெட்டிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். விடை சரியாக இருந்தாலும், அது எப்படி வந்தது என்ற செய்முறைக் குறிப்பு இல்லாவிட்டால் பாதிப் புள்ளி போச்சு. சதம் வரை ஒத்துவராத பயிற்சித் தாளைத் திருத்தாமலே திருப்பித் தருவார். அந்த மனுஷனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் எனக்குப் பிடித்த பாடமும் அதுதான்.

அந்தப் பாடத்தின் இடைப் பரீட்சையில் நாற்பது புள்ளி எடுக்காவிட்டால் இறுதிப் பரீட்சைக்கு உட்கார முடியாது. அடுத்த வருடம் ஜூனியர்களோடு எழுத வேண்டும். அப்படி எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ‘சி’தான் தருவார்கள், ‘சி’யோடு கணக்கியலைச் சிறப்புப் பாடமாக எடுக்க முடியாது. நான் பல்கலைக்கழகம் வந்ததே அதற்குத்தான்.

பரீட்சையன்று மூன்றாவது கேள்வியைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். தேயிலைத் தோட்டம்! ஒரு தொழிலாளி ஆறு நாளில் பறித்த கொழுந்து, நாளுக்கு இத்தனை கிலோ என்று அட்டவணை. பதினெட்டுக் கிலோ பறித்தால் ஒரு நாள் சம்பளம், குறைந்தால் அரைநாள், கூடினால் கூடிய கிலோவுக்குத் தனிக் காசு. லிந்துலைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவளுக்கு இதை யாராவது சொல்லித்தர வேண்டுமா? ஏழாம் வகுப்பிலிருந்து அம்மாவின் சம்பளக் கணக்கைப் பார்ப்பதே நான்தான். மளமளவென்று எழுதி முடித்துவிட்டு, பக்கத்தில் முழித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தேன்.

தாள் முப்பத்தேழோடு திரும்பி வந்தது. மூன்றாவது கேள்விக்கு இருபதில் நாலு.

கோபத்தோடுதான் சேரின் அறைக்குப் போனேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

“பிள்ளை, ஒவ்வொரு நாளும் ரெண்டு கிலோ கழிச்சிருக்கிறீர். கேள்வியில அப்பிடி எங்க கிடக்கு?”

குனிந்து பார்த்தேன். ஐயோ! எங்கேயும் இல்லை. நானே ஒரு நிரல் போட்டு ஆறு நாளும் இரண்டிரண்டாகக் கழித்திருந்தேன். செவ்வாய்க்கிழமை பத்தொன்பது கிலோ பறித்தவளுக்குப் பதினேழு என்று எழுதி, பதினெட்டு வரவில்லையென்று அரைநாள் சம்பளத்தையும் வெட்டியிருந்தேன்.

“தோட்டத்துல அப்படித்தாங்க சேர். ஈரத்துக்கும் சாக்குக்கும் ரெண்டு கிலோ கழிச்சிட்டுத்தான் எழுதுவாங்க. வழக்கம்.”

“வழக்கமெண்டு ஒரு எண் கணக்குக்குள்ள வரேலாது. ஆதாரம் வேணும். சம்பளச் சீட்டில அந்தக் கழிவு இருந்தா திங்கட்கிழமை கொண்டுவாரும். செய்முறைக்குரிய புள்ளியைப் பற்றி யோசிப்பம்.”

எனக்கு வேண்டியது மூன்றே மூன்று புள்ளி. வெள்ளிக்கிழமையே பஸ் ஏறினேன்.

மறுநாள் அம்மா கொழுந்து பறிக்கப் போன பிறகு, அவர் சம்பளச் சீட்டுகளைப் போட்டு வைக்கும் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தேன். சங்கச் சந்தா, கோயில் காசு, முற்பணம் என்று எல்லாக் கழிவும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. அந்த இரண்டு கிலோவை மட்டும் எந்தச் சீட்டிலும் காணோம். எப்படி இருக்கும்? அதைத் தராசடியிலேயே கழித்துவிட்டு மிச்சத்தைத்தானே கணக்கப்பிள்ளை எழுதுகிறார். சேர் ஒரே நாளில் கேட்ட கேள்வியை இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“என்னடி இது, கடை விரிச்சு வச்சிருக்க?”

கேள்வி, பத்தொன்பது கிலோ, அரைநாள், முப்பத்தேழு, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முதலில் சிரித்தார்.

“ஒன் மார்க்கையும் அந்தத் தராசு தின்னுருச்சா? நாசமாப் போக.”

பிறகு கால் கழுவப் போனவர் வாசலில் நின்று திரும்பினார்.

“கழிக்கச் சொல்லி அந்தத் தாள்ல போட்டிருந்துச்சா?”

“இல்லம்மா.”

“பக்கத்துல கணக்கப்பிள்ளை யாரும் நிக்கலயே?”

“பரீட்சைல அவங்க எங்கம்மா வர்றது?”

“அப்ப பேனா ஒன் கையிலதான இருந்துச்சு. நீயுமாடி கழிச்ச?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா திட்டவில்லை, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து எழுதி ‘சி’ வாங்கினேன். அந்தத் திங்கட்கிழமை நான் சேரிடம் போகவில்லை. அவர் போட்ட முப்பத்தேழு சரியான புள்ளிதான்.