துடைக்காமல் விட்ட தடம்

வெந்தெலினைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லதுதான் சொல்வார்கள். நான் ஒருத்திதான் கொஞ்சம் கூடக்குறையச் சொல்வேன். அவன் வாடகைக்கு விடும் பனிச்சறுக்குப் பலகைகளுக்கு மெழுகு தேய்க்கிறேன் என்று வந்து என் கடையில் பாதி நாள் உட்கார்ந்திருப்பவன். தேய்ப்பது கொஞ்சம், பேசுவது நிறைய. அப்படிப்பட்டவன் அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு வாயே திறக்காமல் மெழுகு தேய்த்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தத்ரா மலையடிவாரத்தில் எங்கள் ஊர். வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் தேசியப் பூங்கா. வெந்தெலினுக்குப் பூங்காவின் சறுக்குப் பாதைகளைச் சமன்செய்யும் பெரிய வண்டியை ஓட்டும் வேலை. ஊர் தூங்கும்போது அவன் வண்டி மலையில் மேலும் கீழும் உறுமிக்கொண்டிருக்கும். பொழுது விடிந்து விருந்தாளிகள் வருவதற்குள் பாதை இஸ்திரி போட்ட துணி மாதிரி இருக்கும். மலைமீட்புப் படையிலும் சம்பளமில்லாமல் சேர்ந்திருந்தான். கல்யாணம் ஆகவில்லை. "மலையைக் கட்டிக்கிட்டேன்" என்பான். மலைக்குச் சமைக்கத் தெரியாததால் சாப்பாடு மட்டும் என் வீட்டில்.

அவனிடம் ஒரு திருட்டுப் பழக்கம் இருந்தது. ஊர் ஆண்கள் பாதிப் பேருக்கும் இருப்பதுதான். கிழக்குச் சரிவில் ஓர் ஓடைப் பள்ளம் இறங்குகிறது, குளிர்காலத்தில் முழுக்கப் பனி. மலையாடுகள் ஒதுங்கும் இடம், பனிச்சரிவும் அடிக்கடி வரும் என்று குளிர்காலம் முழுவதும் பூங்கா அதை மூடிவிடும். புதுப்பனி விழுந்த காலையில் அங்கே ஏறிச் சறுக்கி வருவதில்தான் எங்கள் ஆட்களுக்குச் சொர்க்கம். காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஓர் ஊசியிலைக் கிளையை ஒடித்து, தடத்தின் முதல் கொஞ்ச தூரத்தைக் கூட்டி மறைத்துவிடுவார்கள். பூங்காக் காவலர்களுக்குத் தெரியக் கூடாதாம். கூட்டிய பனியைப் பார்த்தாலே காவலர்களுக்குத் தெரியும். அவர்களும் இதே ஊரில் பிறந்தவர்கள்தானே.

அந்த மாசி மாதக் காலையில் விடியும் முன்பே வெந்தெலின் அங்கே ஏறினான், இறங்கினான், வண்டியைக் கழுவப் போனான். வெயில் வந்து சரிவைச் சூடாக்கியது. அதன் பிறகு பொப்ராத் நகரத்திலிருந்து வந்த ரதோவான் என்ற பள்ளி ஆசிரியர் அந்த ஓடையில் ஏறினார். பனி மொத்தமாகச் சரிந்து அவரை மூடிவிட்டது. சறுக்குபவர்களை மேலே இழுக்கும் இழுவைக் கம்பியில் போனவர்கள் பார்த்துக் கூச்சல் போட்டார்கள்.

மீட்புப் படை வந்து வலப்பக்கமாகத் தேடியது. வெந்தெலின் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேராக இடப்பக்கம், ஒரு பாறைக்குக் கீழே ஓடி, நீளக் கம்பியைக் குத்திப் பார்த்து, வெறி பிடித்தவன் போலத் தோண்டினான். ரதோவான் நீலம் பாரித்துக் கிடந்தார், ஆனால் உயிர் இருந்தது. ஒரு கால் மட்டும் உடைந்திருந்தது. கீழே பாதையோரத்தில் அவர் மனைவி தமரா நிறைமாத வயிற்றோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெந்தெலினுக்கு நாய் மூக்குடா" என்று ஊரே கொண்டாடியது. மதுக்கடையில் அவனுக்குப் பிளம் சாராயம் வாங்கிக் கொடுக்க வரிசை நின்றது. அவன் அங்கே போவதையே நிறுத்திவிட்டான்.

பனி உருகும் நேரத்தில் அந்தத் தம்பதி கைக்குழந்தையோடும் கசகசா ரொட்டியோடும் என் கடைக்கு வந்தார்கள். ரதோவான் இன்னும் ஊன்றுகோலோடுதான் நடந்தார். மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த வெந்தெலினிடம் நேராகப் போனார்.

"அண்ணே, பொண்ணுக்கு ஞானஸ்நானம் வெச்சிருக்கோம்," என்றார். "ஞானத்தகப்பனா நீங்கதான் நிக்கணும். வேற யாரையும் நாங்க நினைச்சுகூடப் பாக்கல."

எங்கள் பக்கத்தில் இதை மறுப்பவர் கிடையாது. மறுத்தால் குழந்தையைச் சபித்த மாதிரி. வெந்தெலின் கையில் இருந்த மெழுகுக் கட்டியைக் கீழே போட்டுவிட்டு, "ம்" என்றான். அது சரி என்றா, இல்லை என்றா, யாருக்கும் புரியவில்லை. அவர்கள் சரி என்றே எடுத்துக்கொண்டு போனார்கள்.

கதவு சாத்தியதும் அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, அவர் போனது என் தடத்துலதான்."

"எந்தத் தடம்?"

"அன்னிக்கு நான் துடைக்கல. கிளைய ஒடிச்சு கைல வெச்சிருந்தேன். தூக்கிப் போட்டுட்டேன். எத்தனை வருஷமா போறேன், என் வளைவுங்க எவ்ளோ அழகா இருக்கும்னு ஒரு மனுஷன்கூடப் பாத்ததில்ல. ஒரு தடவ பாக்கட்டுமேன்னு இருந்துச்சு."

"அதனாலதான் எங்க தோண்டணும்னு..."

"அந்தப் பாறைக்குக் கீழதான் நான் எப்பவும் திரும்புவேன். தடத்தப் பாத்து வர்றவன் அங்கதான் வருவான்."

எனக்கு ஆத்திரம் வந்தது. "ஏன்டா, வீரன்னு தோள்ல தட்டும்போதெல்லாம் ஒண்ணும் மறுக்காம நின்னியே! இதை என்கிட்ட ஏன் சொல்ற? நான் என்ன பாதிரியாரா?"

"நீங்க கூட வந்தீங்கன்னா அவங்ககிட்ட சொல்லிடுவேன்."

"சொன்னா வேலை போகும். படையிலேருந்தும் தூக்கிடுவாங்க."

"போகட்டும். அந்தக் குழந்தையைக் கைல வாங்கிக்கிட்டு நான் எப்படிக்கா நிப்பேன்?"

மறுநாள் அவனோடு பொப்ராத்துக்குப் பேருந்து ஏறினேன். வழியெல்லாம் அவன் தொப்பியைக் கசக்கிக்கொண்டே வந்தான். தமரா அடுக்களையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ரதோவான் காபி போட எழுந்தார். வெந்தெலின் உட்காரவில்லை. வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான், கிளையைத் தூக்கிப் போட்டது உட்பட.

ரதோவான் முதலில் சிரிக்கப் பார்த்தார். "விடுங்கண்ணே. போனது நான்தானே? காட்டோரத்துல தடம் இருந்துச்சு. ஊர்க்காரங்க போன இடம் பத்திரமாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

"நான் போனப்போ பத்திரம்தான்," என்றான் வெந்தெலின். "அப்போ இருட்டு, குளிர்ல பனி அசையாம பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. வெயில் பட்டா விழும்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. அதுதான் என் தப்பு."

"இருந்தாலும் உயிரக் காப்பாத்தினது..."

"நீ பேசாத," என்றாள் தமரா. கத்தியைக் கீழே வைக்கவில்லை. "உனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. நீ பனிக்குள்ள தூங்கிட்டிருந்த. வெளிய நின்னவ நான். வயித்துல இவ உதைச்சுக்கிட்டே இருந்தா. அப்பன் இல்லாத பிள்ளைக்கு என்ன பேரு வைக்கிறதுன்னு யோசிச்சேன், தெரியுமா? அப்பவே பேரு யோசிச்சேன்!"

வெந்தெலின் கசங்கிய தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான்.

"வேற ஆளப் பாத்துக்குங்க, தங்கச்சி," என்றான். "பூங்கா ஆபீஸுக்கு நானே போய்ச் சொல்லிடறேன்."

"அங்க போங்க, சொல்லுங்க. அது உங்க பாடு," என்றாள் அவள். "ஆனா ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வந்து சேரணும். வேற ஆளாம்! லேசா நழுவிடலாம்னு பாக்கறீங்களா? இவளோட ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் நீங்க வரணும். பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் நீங்க கூட்டிட்டுப் போகணும். இவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கணும். நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க."

அவன் பூங்கா அலுவலகத்துக்குப் போனான். வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மீட்புப் படையும் அவனுடைய சிவப்புச் சட்டையைத் திருப்பிக் கேட்டது. நாய் மூக்கு என்று கொண்டாடிய அதே வாய்கள் என்னென்ன பேசின என்பதை நான் எழுதப் போவதில்லை. அவர்களும் கிளையால் கூட்டியவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தான். பழைய கோட்டு, சவரத்தில் வெட்டுப்பட்ட தாடை. தமரா ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையை அவன் கைகளில் வைத்தாள். அவன் முழங்கையை அவளே பிடித்துச் சரிசெய்தாள்.

"தீமையை விட்டுவிடுகிறீர்களா?" என்று பாதிரியார் கேட்டார்.

வெந்தெலின் உதடு அசைந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க," என்றாள் தமரா. "அவளுக்குக் கேக்கணும்."