கணவரின் சம்மதத்துடன்

செல்வமலர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, அவரிடம் கொடுத்த ஒரு காணி உறுதிப்பத்திரம் இன்னும் தட்டச்சாகி வரவில்லையே என்று நான் கந்தோரில் முறுமுறுத்துக்கொண்டிருந்தேன். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், காணிப் பத்திரம் எழுதும் எங்கள் நொத்தாரிசுக் கந்தோருக்கு வந்துபோன எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஊராரின் காணி உறுதிகளையெல்லாம் தட்டச்சு செய்தவர். தன் காணியை மட்டும் அவரால் விற்க முடியவில்லை. அதற்கு நானும் ஒரு காரணம்.

குச்சவெளியில் தாய்வழி வந்த தென்னங்காணி ஒன்று அவருக்கு இருந்தது. அதை விற்று, பெண்பிள்ளைகளுக்கு ஒரு தட்டச்சுப் பள்ளிக்கூடம் தொடங்க நினைத்தார். இரண்டு பழைய மெஷின்களுக்குச் சொல்லிவைத்து, பெயர்ப்பலகையும் எழுதுவித்துவிட்டார். யாழ்ப்பாணத்தவரான கணவர் அதற்கு முன்பே அவரை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போயிருந்தார்.

உறுதியை அவரே தட்டச்சு செய்தார். நொத்தாரிசு வருமுன்பே கையெழுத்தும் வைத்துவிட்டார், அவ்வளவு அவசரம். சரிபார்ப்பது என் வேலை. "கணவரின் சம்மதத்துடன்" என்ற வரி அதில் இல்லை. யாழ்ப்பாணத்தாருக்காக அவர் எத்தனையோ தடவை அடித்த வரி.

"அது அவையளுக்குத்தானே? நான் திருகோணமலையில பிறந்தனான்" என்றார்.

"அவரைக் கலியாணம் முடிச்சதோட யாழ்ப்பாணத்தாரின்ர தேசவழமைச் சட்டம் உங்களையும் பிடிச்சிட்டுது. அவர் கையெழுத்து வைக்காமல் ஏலாது" என்றேன். சட்டத்தைச் சரியாகச் சொன்ன பெருமைகூட அப்போது எனக்கு இருந்தது. வெட்கங்கெட்ட பெருமை.

அதே கிழமை கிண்ணியாவிலிருந்து வந்த ஹலீமா உம்மா தன் வயலை விற்கப் பெருவிரல் வைத்தார். முஸ்லிம் சட்டத்தில் புருசனின் கையெழுத்துத் தேவையில்லை; அவர் வாசலில் நின்று சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்தார். செல்வமலரின் தங்கை உள்ளூர்க்காரரை மணந்தவர். பொதுச்சட்டப்படி அவரும் தன் பங்கைத் தானே விற்றார். இரண்டு உறுதியையும் தட்டச்சு செய்தவர் செல்வமலர்தான்.

"ஒரு வயித்தில பிறந்தனாங்கள். அவளுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம். கலியாணம் பேசேக்க சாதகத்தோட சட்டத்தையும் பார்த்திருக்கோணும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கணவரின் கையெழுத்து இல்லாமல் விற்க நீதிமன்றத்தில் அனுமதி கேட்டார். கணவருக்கு அறிவித்தல் போய்ச் சேரவேண்டுமாம். அந்த மனுசனோ வீடு மாறி மாறித் திரிந்தார். காணியை வாங்க இருந்தவர் வேறு காணி பார்த்துக்கொண்டார். மெஷின்களும் கைமாறின. பெயர்ப்பலகை கடைசியில் கோழிக்கூட்டுக்குக் கதவானது.

அன்புவழிபுரத்தில் செல்வமலரின் செத்தவீட்டுக்கு அந்த மனுசன் வந்தார். கதிரை போட்டு இருத்தினார்கள். மரணப் பதிவுக் கடதாசியை நீட்டியதும் மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்தார். பேனை கொடுத்தது நான்.

அந்த விற்காத காணியின் உறுதி என் அலுமாரியில் இருக்கிறது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. கீழே செல்வமலரின் கையெழுத்து மட்டும். அது போதாது என்று சொன்னவன் நான்.