பின்னிணைப்பின் மூன்றாவது பெயர்

ரமணிக்குக் கதை கட்டத் தெரியாது. கட்டினாலும் இப்படிக் கட்ட வராது. பேய்க்கு அமாவாசை ராத்திரிதான் தோது என்பார்கள். அவளுக்கு நடந்ததோ சனிக்கிழமை மத்தியானம், ஹைதராபாத்தில், டியூப் லைட் பளீரென்று எரிந்த ஒரு பல்கலைக்கழக நூலகத்தில்.

பழைய ஆய்வேடுகளை ஸ்கேன் செய்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் ஏற்றுவது அவள் வேலை. நல்ல காரியம்தான். ஆனால் ஏற்றுவதற்கு முன் எழுதியவரின் சம்மதக் கடிதம் வேண்டும். கடிதம் வராவிட்டாலும், ‘சம்மதம் பெறப்பட்டது’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுவது அங்கே வழக்கம். ரமணிக்கோ ஒப்பந்த வேலை. அன்று மாலைக்குள் ஐந்நூறாவது ஆய்வேடு ஏறாவிட்டால் அடுத்த மாதம் வேலை இல்லை.

அந்த ஐந்நூறாவது, கல்பகம் என்பவர் 1988-இல் எழுதியது. கணவனிடம் அடிபட்ட பெண்களைப் பற்றியது.

“இவங்க லெட்டர் இன்னும் வரல சார்.”

“நக்கோம்மா, கைக்கு டென்ஷன்? எதுக்கு வீண் கவலை? டிக் போட்டுட்டுப் போ,” என்றார் மேற்பார்வையாளர் டேனியல், ஹைதராபாத் உருது கலந்து. சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். ரமணி டிக் போட்டாள்.

மணி 2.31. கடைசியில் பின்னிணைப்பு. பேட்டி கொடுத்த பெண்களின் பெயர், முகவரி. பக்கத்தை இரு கையாலும் விரித்துப் பிடித்தாள். தலைக்கு மேலே கேமரா... சடக்.

திரையில், மூன்றாவது பெயரின் மேல் ஒரு விரல். வெறும் விரல்.

தன் கைகளைப் பார்த்தாள். இரண்டிலும் நீலக் கையுறை.

2.33. மறுபடியும்... சடக்.

இப்போது நான்கு விரல்கள்.

தாளைப் பார்த்தாள். தாளின் மேல் எதுவும் இல்லை. ‘செல்லம்மா, மல்லாபூர்’ என்று கதவு எண்ணோடு தெளிவாக இருந்தது.

பயம் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். ஆனது ஆகட்டும் என்று ‘வெளியிடு’ பொத்தானை நோக்கி மவுஸை நகர்த்தினாள்.

2.36.

மணிக்கட்டை எதுவோ பிடித்தது.

இறுக்கியது...

“யாரு?”

பிடி இன்னும் இறுகியது.

இடது கையால் மவுஸைப் பிடுங்கி, டிக்கை நீக்கினாள்.

விட்டது.

திங்கட்கிழமை, கொண்டாப்பூரில் மகள் வீட்டில் இருந்த கல்பகத்தின் போன் நம்பர் கிடைத்தது. ரமணி அந்த மூன்றாவது பெயரைச் சொன்னாள்.

“புருஷனுக்குப் பயந்து லாலாகுடாலேர்ந்து ஓடிப்போய் மல்லாபூர்ல ஒளிஞ்சிருந்தவம்மா அவ. அட்ரஸை எடுத்துடறேன்னு சத்தியம் பண்ணேன். அவசரத்துல அப்படியே பைண்டிங்குக்குப் போயிடுத்து.”

“இப்ப எங்கம்மா இருக்காங்க?”

“அந்தத் தீசிஸை இதுவரைக்கும் ஒரே ஒருத்தன்தான் லைப்ரரில கேட்டு வாங்கிப் படிச்சிருக்கான். போலீஸ் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவ புருஷன். படிச்சுட்டு, நேரா மல்லாபூருக்கு பஸ் ஏறிட்டான்.”