ஓடாத இன்ஜினுக்கு ஓர் எலுமிச்சம்பழம்

ஓடாத இன்ஜினுக்கு எதற்கு இத்தனை பாடு என்பது மூன்றாம் வகுப்பில் என் பெரிய குழப்பம். பெரியப்பா ஒரு காலத்தில் நீராவி இன்ஜினில் கரி அள்ளிப் போட்டவர். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறுதோறும் கோவில்பட்டியில் ரயிலேறி, ரயில்வே அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போய், அங்கே நின்ற பழைய இன்ஜினில் துரு சுரண்டுவார். அவரைப் போலவே இன்னும் ஏழெட்டுப் பேர். சம்பளம் கிடையாது; போதாக்குறைக்கு எல்லாருக்கும் கடலைமிட்டாய் வேறு இவர் கைக்காசில் போகும்.

"நம்ம வீட்டு கேட்டு துருப்பிடிச்சி இத்துப்போய்க் கெடக்கு. அது அவிய கண்ணுல படாது" என்பாள் பெரியம்மா. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

பெயின்ட் வேலை முடிந்த ஞாயிறன்று என்னையும் கூட்டிப் போனார். இன்ஜின் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. அது அசையாமலிருக்க, சாயங்காலம் சக்கரங்களைத் தண்டவாளத்தோடு வெல்டிங் வைக்கப் போகிறார்களாம். அதற்குள் ஒரே ஒரு தடவை அதை உருட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று பெரியப்பா அதிகாரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தார். மாதக்கணக்கில் கிரீஸ் அடித்ததே அதற்காகத்தான். உருட்டுவதற்கென்று பாடுபட்டுவிட்டு அப்புறம் ஏன் வெல்டிங் வைக்கிறார்கள் என்று கேட்டேன். பெரியப்பா என் கையில் ஒரு கடலைமிட்டாயைத் திணித்தார்.

எல்லாரும், நானுந்தான், செருப்பைக் கழற்றிவிட்டோம்; சூடம் காட்டினார்கள். புது வண்டிக்கு வைப்பதுபோல முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். "தள்ளி நின்னு பாரு. பழம் நசுங்குனா சத்தங்குடு" என்று என்னை முன்னால் நிறுத்திவிட்டுப் பெரியப்பா பின்னால் போனார். கடப்பாரை கொடுத்து நெம்பினார்கள், எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள்.

"நசுங்கிட்டாட்டி?"

"இல்ல பெரியப்பா."

மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை குரல் கம்மிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பழத்தை எடுத்து வலது குதிகாலால் ஒரே மிதி. மறுபடி சக்கரத்தடியில் வைத்தேன். அடுத்து அவர்கள் தள்ளியதும் "நசுங்கிட்டு!" என்று கத்தினேன்.

பெரியப்பா ஓடிவந்து குனிந்தார். பழத்தைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து மற்றவர்களைப் பார்த்து, "நகந்துட்டுவே!" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். ஒருவர் அழுதேவிட்டார். சந்தோஷத்துக்கு ஏன் அழ வேண்டும் என்று அதுவும் புரியவில்லை. பெரியவர்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்குப் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது.

சற்று நேரத்தில் பெரியப்பா என்னை மட்டும் குழாயடிக்குக் கூட்டிப் போனார். "ஏட்டி, வலது காலக் காட்டு" என்று என் குதிகாலைத் தம் கையாலேயே தேய்த்துக் கழுவிவிட்டார். இரண்டு காலிலும்தான் கரியும் கிரீஸும் அப்பிக் கிடந்தன. ஒன்றை மட்டும் கழுவிவிட்டு மற்றதை மறந்துவிட்டாரே என்று கோவில்பட்டி வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.